46-க்கு 19 என்று இருந்த நியூயார்க் 30-க்கு 27 ஆனது எப்படி? அமெரிக்க அரசியலமைப்பு ஒப்புதல், 1787–88

பொதிகை:
நியூயார்க் மாநில ஒப்புதல் மாநாடு 1788 ஜூன் 17 அன்று பொக்கீப்ஸி ஊரில் கூடியது. 65 பிரதிநிதிகளில் 46 பேர் புதிய அரசியலமைப்புக்கு எதிர்ப்பாளர்களாகத் தேர்வாகி வந்தவர்கள். ஆதரவாளர்கள் 19 பேர்தான். தலைவராக அமர்ந்த ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனும் எதிர்ப்பாளர். ஆனால் ஜூலை 26 அன்று 30-க்கு 27 என்று ஒப்புதல் நிறைவேறிவிட்டது. இடையில் ஐந்தரை வாரம்தான்.

ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் புதிய அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் மக்கள் மனத்தை மாற்றிவிட்டன என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தேதி, வாக்கு, நடைமுறை என்று படிப்படியாக யாராவது விளக்குங்களேன்.

வெண்ணாறு:
உங்கள் சந்தேகம் சரி. முதல் கட்டுரை வந்தது 1787 அக்டோபர் 27. நியூயார்க்கில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது 1788 ஏப்ரல் 29 முதல் மே 3 வரை. இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் பத்திரிகைகளில் கட்டுரை மேல் கட்டுரையாக வந்தன. ஒவ்வொன்றும் "நியூயார்க் மாநில மக்களுக்கு" என்றுதான் தொடங்கும். அந்தத் தேர்தலில் சொத்துத் தகுதியைக்கூட நீக்கிவிட்டார்கள், 21 வயது நிறைந்த சுதந்திரமான ஆண் குடிமகன் எவரும் வாக்களிக்கலாம். அப்படியும் முடிவு 46-க்கு 19. யாருக்காக எழுதினார்களோ அவர்களிடமே எடுபடவில்லை.

வெளி மாநிலங்களில் அவை மறுபதிப்பானது மிகக் குறைவு. கடைசி எட்டுக் கட்டுரைகள் முதலில் வெளியானதே இரண்டாம் தொகுதி நூலில், 1788 மே 28 அன்று. அதற்குள் எட்டு மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்து முடித்துவிட்டன. மாநாடுகளில் பேசப் போகிறவர்களுக்கு வாதக் கையேடாக அவை உதவின, அது உண்மை. வாக்கைத் திருப்பியது வேறு.

முதலில் புதிய அரசியலமைப்பின் ஏழாம் பிரிவைப் பாருங்கள். அதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது. 13 மாநிலங்களில் 9 ஒப்புக்கொண்டால் போதும், ஒப்புக்கொண்டவற்றுக்குள் நடைமுறைக்கு வந்துவிடும். ஒப்புதல் தர வேண்டியது சட்டமன்றமல்ல, அதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநாடு. மூன்றாவது எழுத்தில் இல்லாவிட்டாலும் ஆதரவாளர்கள் கடைசி வரை விட்டுக்கொடுக்காதது: முழுசாக ஏற்க வேண்டும் அல்லது முழுசாக மறுக்க வேண்டும், ஒரு பிரிவை மட்டும் பிரித்தெடுத்து வாக்கெடுக்கக் கூடாது. எதிர்ப்பாளர்களைக் கட்டிப்போட்டது இதுதான் என்பது என் முடிவு.

ஆனைமலை:
அந்த ஏழாம் பிரிவே சட்டமீறல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது நடப்பில் இருந்தது 1781 மார்ச் 1 முதல் அமலான கூட்டமைப்பு விதிகள். அதன் 13-ஆம் விதிப்படி எந்தத் திருத்தத்தையும் முதலில் காங்கிரஸ் ஏற்க வேண்டும், பிறகு எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் உறுதி செய்ய வேண்டும். 1787 பிப்ரவரி 21 அன்று காங்கிரஸ் பிலடெல்பியா கூட்டத்துக்கு அனுமதி தந்ததும் அந்த விதிகளைத் திருத்துவதற்கு மட்டும்தான். போனவர்கள் பழைய ஆவணத்தை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதி, அதை ஏற்கும் வழியையும் தாங்களே வகுத்துக்கொண்டு வந்தார்கள். எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியதில் ஒரு தவறும் கிடையாது.

வெண்ணாறு:
மறுக்கவில்லை. ஆனால் பழைய வழி ஏன் அடைபட்டது என்றும் பார்க்க வேண்டும். போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீதச் சுங்கம் விதிக்கும் அதிகாரத்தை காங்கிரஸ் 1781-ல் கேட்டது. ரோட் ஐலண்ட் ஒன்று மறுத்ததும் அது விழுந்தது. 1783-ல் திருத்திக் கேட்டார்கள், 1786-ல் நியூயார்க் கைவிரித்தது. நியூயார்க் துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்தில் ஒரு பகுதிப் பாரம் நியூஜெர்சி, கனெக்டிகட் வாங்குபவர்கள் தலையில்தான் விழுந்தது, வருமானமோ நியூயார்க் கருவூலத்துக்கு. அதை விட்டுக்கொடுக்க யார் முன்வருவார்கள்? 13-க்கு 13 என்ற விதி இருக்கும்வரை ஒரே ஒரு மாநிலத்தின் லாபம் மற்ற 12-ஐயும் முடக்கிவிடும். ரோட் ஐலண்ட் பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பவில்லை. 13 பேரும் சேர்ந்து ஒப்பவேண்டும் என்று வைத்திருந்தால் தொடங்கும் முன்பே கதை முடிந்திருக்கும்.

இன்னொன்று, காங்கிரஸ் இதை 1787 செப்டம்பர் 28 அன்று மாநிலங்களுக்கு அனுப்பியது. ஏற்கிறோம் என்றும் சொல்லவில்லை, மறுக்கிறோம் என்றும் சொல்லவில்லை. காங்கிரஸில் வர்ஜீனியா உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி லீ திருத்தங்களைச் சேர்த்து அனுப்பப் பார்த்தார், நடக்கவில்லை. "ஒருமனதாக அனுப்புகிறோம்" என்ற சொற்றொடரை மட்டும் தீர்மானத்தில் வைத்தார்கள். ஒருமனதாக ஆதரித்தது போன்ற தோற்றம் வந்துவிட்டது.

முல்லைக்கொடி:
வேகம்தான் ஆதரவாளர்களின் முதல் பலம். அதன் அசிங்கமான பக்கம் பென்சில்வேனியா.

அங்கே சட்டமன்றம் ஒரே சபை, 69 உறுப்பினர்கள், அவை நடக்கக் குறைந்தது 46 பேர் (கோரம்) இருக்க வேண்டும். செப்டம்பர் 28 காலை மாநாடு கூட்டும் தீர்மானம் 43-க்கு 19 என்று நிறைவேறியது. ஆனால் தேர்தல் தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை. மதியம் அந்த 19 பேரும் வரவில்லை. அவையில் இருந்தவர்கள் 44 பேர், கோரத்துக்கு இரண்டு குறைவு. சட்டமன்றத்தின் காலமும் முடியும் தறுவாய். மறுநாள் காலை ஒரு கும்பல் போய், வராமல் இருந்தவர்களில் ஜேம்ஸ் மெக்கால்மாண்ட், ஜேக்கப் மைலி என்ற இருவரை அவர்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்துவந்து அவையில் உட்காரவைத்தது. மெக்கால்மாண்ட் வெளியே போக அனுமதி கேட்டார், தரவில்லை. தலை எண்ணிக்கை 46 ஆனது, தேர்தல் தேதி குறிக்கப்பட்டது.

மாநாடு நவம்பர் 20 வாக்கில் கூடி, டிசம்பர் 12 அன்று 46-க்கு 23 என்று ஒப்புதல் தந்தது. எதிர்ப்பாளர் ராபர்ட் வைட்ஹில் 15 திருத்தங்களை முன்வைத்தார். பெரும்பான்மையினர் அவற்றை நடவடிக்கைக் குறிப்பில் பதியக்கூட விடவில்லை. தோற்றவர்கள் ஆறே நாளில் தங்கள் மறுப்பைப் பத்திரிகையில் வெளியிட்டு நாடெங்கும் பரப்பினார்கள். டிசம்பர் 26 அன்று கார்லைல் நகரில் ஆதரவாளர்களின் கொண்டாட்டம் கைகலப்பில் முடிந்தது. வாக்கில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தும் ஊர் அமைதி கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பின் பேச்சைப் பதிவில்கூட ஏற்றாமல் அடைத்தால் இப்படித்தான் வெடிக்கும். அடுத்து வந்த மாசசூசெட்ஸ் ஆதரவாளர்கள் நேர்மாறான பாதையில் போனதற்கு இதைத்தான் காரணமாக நினைக்கிறேன்.

பொதிகை:
டெலவேர், நியூஜெர்சி, ஜார்ஜியா மூன்றிலும் எதிர் வாக்கே இல்லையே, அங்கே விவாதமே நடக்கவில்லையா?

முல்லைக்கொடி:
டெலவேர் டிசம்பர் 7, 30-0. நியூஜெர்சி டிசம்பர் 18, 38-0. ஜார்ஜியா 26-0, ஜனவரி 2 அன்று கையெழுத்து. முதல் இரண்டும் சிறிய மாநிலங்கள், செனட்டில் சம இடம் கிடைத்ததே அவற்றுக்குப் பெரிய வெற்றி. ஜார்ஜியாவுக்கு எல்லையில் கிரீக் என்ற பூர்வகுடி மக்களோடு போர் அச்சம், மத்தியப் படை தேவைப்பட்டது. கனெக்டிகட் ஜனவரி 9, 128-க்கு 40. ஆக ஜனவரி நடுவிலேயே ஐந்து கையில். சுலபமானவற்றை முதலில் முடித்துக் கணக்கை ஏற்றினார்கள்.

தாழைமடல்:
உண்மையான திருப்பம் மாசசூசெட்ஸ். இதை நிதானமாகப் பார்க்கணும்.

1788 ஜனவரி 9 அன்று பாஸ்டனில் கூடினார்கள். அந்த மாநில விவசாயிகள் நடத்திய ஷேஸ் கிளர்ச்சி அடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேற்கு மாவட்ட விவசாயிகளுக்குக் கடனும் வரியும் கழுத்தை நெரித்த நேரம். மாநிலங்கள் காகிதப் பணம் அச்சிடக் கூடாது, ஒப்பந்தக் கடமைகளைக் குலைக்கும் சட்டம் இயற்றக் கூடாது என்ற முதலாம் பிரிவின் 10-ஆம் உட்பிரிவு தங்களைக் குறிவைத்தது என்று அவர்கள் கருதினார்கள். அந்தக் கருத்து அடிப்படையற்றது அல்ல. உட்கார்ந்த அன்றே வாக்கெடுத்திருந்தால் தோல்விதான்.

ஆதரவாளர்கள் செய்தவை இவை. பிரிவு பிரிவாக முழு ஆவணத்தையும் விவாதித்த பிறகே வாக்கு என்ற முறையை ஏற்கவைத்தார்கள், அதில் மூன்று வாரம் கிடைத்தது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் ஜான் ஹான்காக் கீல்வாதம் என்று வீட்டிலேயே இருந்தார், எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லை. அவரிடம் போய்ப் பேசினார்கள். ஜனவரி 31 அன்று அவர் மாநாட்டுக்கு வந்து ஒன்பது திருத்தங்களை வாசித்தார். அவை ஒப்புதலுக்கான நிபந்தனை அல்ல, பரிந்துரை. இப்போது நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொள்வோம், புதிய காங்கிரஸில் நம் பிரதிநிதிகள் இந்த ஒன்பதுக்காகவும் பாடுபட வேண்டும் என்று கட்டளையிடுவோம் என்பது யோசனை. அதுவரை தயங்கிய சாமுவேல் ஆடம்ஸ் அன்றே எழுந்து ஆதரித்தார்.

பிப்ரவரி 6, வாக்கு 187-க்கு 168. பத்துப் பேர் மாறியிருந்தால் தோல்வி. தோற்றவர்களில் சிலர் எழுந்து, எங்கள் வாதம் கேட்கப்பட்டது, ஊருக்குப் போய் அமைதி காப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பென்சில்வேனியாவில் கிடைக்காதது இது.

பிறகு தென் கரோலினா 4 திருத்தம், நியூ ஹாம்ப்ஷயர் 12, வர்ஜீனியா 40 என்று எல்லோரும் இதே அச்சில் வார்த்தார்கள். மேரிலாந்து மட்டும் 63-க்கு 11 என்று பரிந்துரை இல்லாமலே முடித்தது.

ஆனைமலை:
எதிர்த்தவர்களை ஏதோ புரியாதவர்கள் போல விட்டுவிடாதீர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் இன்றும் நிற்கின்றன.

முதல் பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 65 இடம், நியூயார்க் முழுமைக்கும் 6. பொக்கீப்ஸியில் எதிர்ப்பாளர் மெலாங்ட்டன் ஸ்மித் கேட்டது இதைத்தான்: தொகுதி இவ்வளவு பெரிதானால் பெயரும் பணமும் உள்ளவர்கள்தானே ஜெயிப்பார்கள், நடுத்தர உழவனின் நிலைமை தெரிந்த ஒருவன் எப்படி அங்கே போய்ச் சேர்வான்? 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு ஆவணத்தில் இருந்தது, குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் இல்லை.

அடுத்தது குடிமக்கள் உரிமைகளை எழுத்தில் வைக்கும் உரிமைப் பட்டியல். ஜார்ஜ் மேசன் பிலடெல்பியாவிலேயே செப்டம்பர் 12 அன்று கேட்டார், ஒரு மாநிலக் குழுகூட ஆதரிக்கவில்லை. அக்டோபர் 6 அன்று பென்சில்வேனியா ஆதரவாளர் ஜேம்ஸ் வில்சன் பதில் சொன்னார்: மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் மக்களிடமே இருக்கிறது, பத்திரிகையைக் கட்டுப்படுத்த அதிகாரமே தரவில்லை என்றால் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக எழுதுவானேன்? எதிர்ப்பாளர்களின் மறுமொழி அசைக்க முடியாதது. அப்படியானால் முதலாம் பிரிவின் 9-ஆம் உட்பிரிவில் ஆட்கொணர்வு மனு உரிமையை ஏன் எழுதினீர்கள்? பின்தேதியிட்ட தண்டனைச் சட்டத்தை ஏன் தடுத்தீர்கள்? குற்ற வழக்குக்கு ஜூரி உண்டு என்று மூன்றாம் பிரிவில் சொல்லிவிட்டு சிவில் வழக்கைப் பற்றி மௌனமாக இருந்தால், அது போய்விட்டது என்றுதானே பொருள்? வில்சனின் பேச்சு எங்கும் மறுபதிப்பானது. அது பரவப் பரவ அதிலிருந்த ஓட்டையும் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடிமைமுறை பற்றியும் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு. பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் கணக்கும், 1808 வரை ஆட்களை இறக்குமதி செய்வதைத் தடுக்கக் கூடாது என்பதும் வடக்கில் பலரை உறுத்தின. தெற்கில் வேறு சிலர் இந்தப் பாதுகாப்பு போதாது என்றார்கள். அடிமைகளாக இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. "மக்கள்" என்று தொடங்கும் ஆவணத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது.

வெண்ணாறு:
ஆனைமலை சொன்ன வாதங்கள் வலுவானவை. அப்படியிருந்தும் தோற்றது அமைப்புக் குறையால். அவர்களிடம் மாற்று ஆவணம் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் எதிர்ப்புக்குக் காரணம் வேறு. வர்ஜீனியாவில் மிசிசிப்பி ஆற்றில் படகு விடும் உரிமை, நியூயார்க்கில் சுங்க வருமானம், ரோட் ஐலண்டில் காகிதப் பணம். இரண்டாவது மாநாடு கூட்டுவோம் என்றார்கள், அங்கே என்ன வைப்போம் என்று மாநிலங்களுக்கு இடையில் பேசி முடிக்கவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் பாருங்கள். பிப்ரவரியில் எக்ஸெட்டரில் கூடியபோது எதிர்ப்பாளர்கள் அதிகம், பல பிரதிநிதிகளுக்கு எதிர்த்தே வாக்களிக்கும்படி ஊர்க்கூட்டத்தின் கட்டளை. வாக்கெடுத்தால் தோல்வி என்று தெரிந்ததும் ஆதரவாளர்கள் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து 56-க்கு 51 என்று நிறைவேற்றினார்கள். மனம் மாறிய பிரதிநிதி ஊருக்குப் போய்க் கட்டளையிலிருந்து விடுவிப்பு வாங்கிவர நாலு மாதம். ஜூன் 21, கான்கார்டில் 57-க்கு 47. அதுதான் ஒன்பதாவது. தோற்கும் வாக்கை எடுக்காமல் தள்ளிப்போடத் தெரிந்திருந்தது ஆதரவாளர்களுக்கு. எதிர்ப்பாளர்கள் பெரும்பான்மை இருந்த இடத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை.

தாழைமடல்:
இனி பொதிகையின் கேள்வி, பொக்கீப்ஸி.

அங்கேயும் பிரிவு பிரிவாக விவாதம், முழுதும் முடியும்வரை வாக்கு இல்லை என்று ஜூன் 19 அன்றே ஒத்துக்கொண்டார்கள். 46 பேர் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பாளர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்றால், தங்கள் திருத்தங்களை ஒழுங்காக உருவாக்க அவர்களுக்கும் அவகாசம் தேவைப்பட்டது. அந்த அவகாசத்தில் வெளி உலகம் மாறியது. ஹாமில்டன் முன்கூட்டியே குதிரைத் தபால் ஏற்பாடு செய்திருந்தார். நியூ ஹாம்ப்ஷயர் செய்தி ஜூன் 24 அன்று வந்தது. அதுவரை "புதிய அரசு வேண்டுமா" என்பது கேள்வி, அன்றிலிருந்து "வந்துவிட்ட அரசுக்கு வெளியே நிற்கலாமா" என்பது கேள்வி.

வர்ஜீனியாவில் ரிச்மண்ட் மாநாடு. பேட்ரிக் ஹென்றி, முதலில் திருத்தம், பிறகு ஒப்புதல் என்று கொண்டுவந்த தீர்மானம் ஜூன் 25 அன்று 80-க்கு 88 என்று விழுந்தது. அடுத்து ஒப்புதல் 89-க்கு 79. ஐந்து பேர் மாறியிருந்தால் சமம். நியூ ஹாம்ப்ஷயர் முடித்துவிட்டது அவர்களுக்கு அன்று தெரியாது. வர்ஜீனியா ஒப்புதல் செய்தி பொக்கீப்ஸிக்கு ஜூலை 2 அன்று வந்து சேர்ந்தது.

இதன்பின் எதிர்ப்பாளர்கள் ஒப்புதலை மறுக்கும் பேச்சை விட்டு, நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளும் வடிவங்களைத் தேடினார்கள். ஜூலை 10 அன்று எதிர்ப்பாளர் ஜான் லான்சிங் திருத்தங்களை மூன்று வகையாகப் பிரித்தார்: விளக்கம் தருபவை, நிபந்தனையானவை, பரிந்துரைகள். ஆதரவாளர்கள் நடுவகையை மட்டும் ஏற்கவே மாட்டோம் என்றார்கள். குறித்த ஆண்டுகளுக்குள் திருத்தம் வராவிட்டால் விலகும் உரிமையை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளலாமா என்று ஹாமில்டனே தடுமாறி, நியூயார்க் நகரில் காங்கிரஸில் இருந்த மேடிசனுக்கு எழுதினார். மேடிசன் பதில்: விலகும் உரிமையோடு வருவதும் நிபந்தனைதான், அப்படி வந்தால் நியூயார்க் ஒன்றியத்தின் உறுப்பாகாது, ஒப்புதல் முழுமையாகவும் என்றென்றைக்குமாகவும் இருக்க வேண்டும்.

அழுத்தம் கூடியது. தலைநகர் நியூயார்க் நகரம். மாநிலம் வெளியே நின்றால் காங்கிரஸ் வேறு ஊருக்குப் போய்விடும், வணிகம் போகும். தெற்கு மாவட்டங்கள் மாநிலத்திலிருந்து பிரிந்து தனியாக ஒன்றியத்தில் சேரும் என்ற பேச்சும் வெளிப்படையாக எழுந்தது. ஜூலை நான்காம் வாரம் குவீன்ஸ் மாவட்ட எதிர்ப்பாளர் சாமுவேல் ஜோன்ஸ், ஒப்புதல் வாசகத்தில் "நிபந்தனையின் பேரில்" என்று இருந்ததை எடுத்துவிட்டு "முழு நம்பிக்கையோடு" என்று வைக்கச் சொன்னார். மெலாங்ட்டன் ஸ்மித் ஆதரித்தார். திருத்தம் வரும் என்ற முழு நம்பிக்கையோடு ஒப்புக்கொள்கிறோம் என்றால் சட்டப்படி அது நிபந்தனையற்ற ஒப்புதல். ஊர் திரும்பிச் சொல்ல எதிர்ப்பாளருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு விலையாக, இரண்டாவது மாநாடு கோரும் சுற்றறிக்கையை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்ப ஆதரவாளர்கள் சம்மதித்தார்கள். முடிவு 30-க்கு 27, இரண்டு பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

பொதிகை:
அந்தச் சுற்றறிக்கையால் ஏதாவது நடந்ததா? இரண்டாவது மாநாடு கூடவே இல்லையே.

ஆனைமலை:
கூடவில்லை, ஆனால் அந்தப் பயம் வேலை செய்தது. வர்ஜீனியாவும் நியூயார்க்கும் புதிய காங்கிரஸுக்கு முறைப்படி மனு அனுப்பின. மேடிசன் 1789 பிப்ரவரியில் தன் தொகுதியில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து 1,308-க்கு 972 என்று ஜெயித்தார். உரிமைத் திருத்தங்களுக்கு நிற்பேன் என்று பாப்டிஸ்ட் வாக்காளர்களுக்கு உறுதி சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் 8 அன்று முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபை 17 ஆக்கியது, செனட் 12 ஆகச் சுருக்கியது. மனசாட்சி, பத்திரிகை, ஜூரி உரிமைகளை மாநில அரசுகளும் மீறக் கூடாது என்று மேடிசன் வைத்ததைச் செனட் வெட்டிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேடிசன் எடுத்துக்கொண்டது தனிமனித உரிமைகளை. நேரடி வரிக்கு முன் மாநிலங்களிடம் கேட்க வேண்டும் என்பது போல மத்திய அதிகாரத்தைக் குறைக்கும் கோரிக்கைகள் ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பாளர்கள் பாதி கேட்டதைப் பெற்றார்கள், அவர்கள் அதிகம் கவலைப்பட்ட பாதி அல்ல.

முல்லைக்கொடி:
கடைசி இரண்டு மாநிலங்களையும் சேர்த்துவிடலாம். வட கரோலினா 1788 ஆகஸ்ட் 2 அன்று ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உரிமைப் பட்டியல் வரட்டும் என்று நின்றது. காங்கிரஸ் 12 திருத்தங்களை 1789 செப்டம்பர் 25 அன்று நிறைவேற்றி அனுப்பிய பிறகு, நவம்பர் 21 அன்று 194-க்கு 77 என்று சேர்ந்தது. ரோட் ஐலண்ட் 1788 மார்ச் 24 அன்று ஊர்க்கூட்டங்களில் நேரடி வாக்கெடுப்பு நடத்தியது. எதிராக 2,700-க்கு மேல், ஆதரவாக 250-க்கும் குறைவு. ஆதரவாளர்கள் புறக்கணித்ததால் இவ்வளவு இடைவெளி. 1790 மே மாதம் அந்த மாநிலத்தோடு வணிகத்தைத் தடைசெய்யும் மசோதாவைச் செனட் நிறைவேற்றியதும் மே 29 அன்று 34-க்கு 32. முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்த இரண்டும் இல்லை. நியூயார்க் ஒப்புதல் தந்திருந்தும் அதன் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒத்துப்போகாததால் குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்கும் தேர்வாளர்களை நியமிக்கவில்லை. வாஷிங்டனுக்கு வாக்களித்தவை 10 மாநிலங்கள்தான்.

தாழைமடல்:
அந்த 12-ல் பத்து 1791 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் ஒப்புதலோடு அமலுக்கு வந்தன. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்ற திருத்தம் கிடப்பில் கிடந்து 1992-ல் 27-ஆவது ஆனது. மீதி ஒன்று பிரதிநிதிகள் சபையின் எண்ணிக்கையைப் பற்றியது, மெலாங்ட்டன் ஸ்மித் பொக்கீப்ஸியில் எழுப்பிய அதே பிரச்சினை. அது இன்னும் நிறைவேறவில்லை.